அசையாதிருக்க வேண்டிய காந்தச் சுழிகள்

எம்.ஆர்.ஐ. ஸ்கான் இயந்திரத்தின் காந்தச் சுருளில் ஒருமுறை செலுத்தப்பட்ட மின்னோட்டம், மின்வழங்கல் துண்டிக்கப்பட்ட பின்னரும் வருடக்கணக்கில் குன்றாது ஓடிக்கொண்டிருக்கும். சுமார் -269 பாகை செல்சியஸ் குளிரில், திரவ ஹீலியத்தில் வைக்கப்பட்ட நியோபியம்-டைட்டேனியம் கம்பி மின்தடையே அற்ற மீகடத்தியாக மாறிவிடுவதே இதற்குக் காரணமாகும். ஆனால், அக்கம்பி குறைகளேதுமற்ற தூய உலோகமாக இருந்திருப்பின் அவ்வியந்திரம் இயங்கியிராது என்பது பலரும் அறியாதவொன்று.

ஈயம் போன்ற மீகடத்திகள் காந்தப்புலத்தைத் தம்முள் அனுமதிப்பதில்லை. புலம் வலுத்தால் மீகடத்தும் தன்மையையே இழந்துவிடுகின்றன. நியோபியக் கலப்புலோகங்களோ புலத்தை மெல்லிய இழைகளாக உள்ளே விடுகின்றன. ஆற்றுச் சுழியைப்போல ஒவ்வோர் இழையையும் சுற்றி மின்னோட்டம் சுழல்கின்றது. எல்லாச் சுழிகளும் சம அளவு காந்தப் பாயத்தையே தாங்குவதால், புலம் வலுக்கும்போது அவற்றின் எண்ணிக்கையே பெருகுகின்றது. ஒன்றையொன்று தள்ளுவதனால் அவை தேனடைபோல் ஒழுங்காக அணிவகுக்கின்றன.

இதனைக் கணித்தவர் சோவியத் விஞ்ஞானி அலெக்சி அப்ரிகோசொவ். அவரது ஆசானான லாண்டவு இதனை ஏற்காததால் கணிப்பு சில வருடங்கள் முடங்கிக் கிடந்தது. திரவ ஹீலியத்திலும் சுழிகள் தோன்றுமென அமெரிக்கரான ஃபெய்ன்மன் எழுதிய பின்னரே, 1957 இல் அது வெளியாயிற்று. ஆசானின் மதிப்பும் சிலவேளைகளில் தடையாகிவிடுகின்றது போலும்! அப்ரிகோசொவ் முதலில் கருதியது சதுர ஒழுங்கையே. முக்கோண ஒழுங்கே உறுதியானதெனப் பின்னர் அறியப்பட்டது. 1967 இல் ஜேர்மனியின் ஸ்டுட்கார்ட் நகர ஆய்வாளர்கள் நுண்ணிய காந்தத் துகள்களைப் படியவிட்டு அவ்வொழுங்கைப் படம்பிடித்தனர். 2003 இல் அப்ரிகோசொவுக்கு நோபல் பரிசு கிட்டியது.

சிக்கல் யாதெனில், கம்பியில் மின்னோட்டம் பாயும்போது சுழிகள் பக்கவாட்டில் தள்ளப்படுகின்றன. அவை நகர்ந்தால் சக்தி விரயமாகி வெப்பம் பிறக்கும். தடையற்ற கம்பியில் தடை தோன்றிவிடும். எனவேதான் கம்பியை இழுத்தும் சூடாக்கியும் அதனுள் டைட்டேனியச் சிறுபடிவுகளை வேண்டுமென்றே உண்டாக்குகின்றனர். சுழிகள் அப்படிவுகளில் சிக்கி நின்றுவிடுகின்றன.

1986 இல் கண்டறியப்பட்ட செப்பு ஒட்சைட்டு மீகடத்திகளுள் சில, மலிவான திரவ நைதரசனின் குளிரிலேயே செயற்படுவன. ஆயினும் அந்த வெப்பநிலையில் வலிய காந்தப்புலத்தின்கீழ் சுழிகளின் அணிவகுப்பு உருகித் திரவம்போல் ஓடத் தலைப்படுகின்றது. எம்.ஆர்.ஐ. இயந்திரங்களில் பெரும்பாலானவை இன்றும் விலையுயர்ந்த ஹீலியத்தை நம்பியிருப்பதற்கு, இச்சுழிகளை எளிதிற் கட்டிவைக்க இயலாமையும் ஒரு காரணமாகும்.