புற்றணுவைத் தேடிப் பிடிக்கும் கதிரியக்கம்

தறிக்குழியில் காலம் தள்ளிய நெசவாளருக்கு இடுப்பு வலித்தால் காஞ்சிபுரத்தில் யாரும் புற்றுநோயை நினைப்பதில்லை. பெரும்பாலும் நினைக்க வேண்டியதும் இல்லை. ஆனால் புராஸ்டேட் புற்றுநோய் பரவும்போது அடிக்கடி போய்ச் சேரும் இடங்கள் முதுகெலும்பும் இடுப்பெலும்பும்தான். வழக்கமான எலும்பு ஸ்கேன் இங்கே திணறும். எலும்பு தன்னைத்தானே செப்பனிடும் இடமெல்லாம் அதில் தெரியும். தேய்மானமா, புற்றா என்று பிரித்துச் சொல்வது கடினம்.

புற்றணுவிலேயே போய் ஒட்டும் ஒன்றைக் கதிரியக்கத்தோடு அனுப்பினால் என்ன என்ற யோசனையில் பிறந்ததுதான் ஆன்டிபாடி ஸ்கேன். புராஸ்டேட் புற்றணுக்களில் பிஎஸ்எம்ஏ என்ற புரதம் மிகுந்திருக்கும். அதைப் பற்றும் ஆன்டிபாடியுடன் இண்டியம்-111 என்ற கதிரியக்க உலோகம் சேர்த்த புரோஸ்டாசின்ட் மருந்துக்கு அமெரிக்கா 1996இல் அனுமதி தந்தது. இரண்டையும் சேர்க்கும் வேதிப்பிணைப்பு காஞ்சிப் பட்டில் உடலையும் கரையையும் பிணைக்கும் கோர்வை மாதிரி இருக்க வேண்டும்: சேலை கிழிந்தாலும் கரை பிரியக்கூடாது. பிரிந்த உலோகம் வேறெங்கோ தங்கிப் பொய்ப்படம் காட்டும்.

ஆனால் புரோஸ்டாசின்ட்டின் கோளாறு வேறு. பிஎஸ்எம்ஏவில் அது பற்றிப் பிடித்த பகுதி புற்றணுவின் உட்புறத்தில் இருந்தது. உயிருள்ள அணுவுக்குள் ஆன்டிபாடி எளிதில் நுழையாது. செத்த, சாகப்போகும் அணுக்களே சிக்கின. எலும்பில் பரவிய புற்று பெரும்பாலும் தப்பியது. நோயாளிக்கு வேண்டியதோ அந்தத் தகவல்தான்.

பிஎஸ்எம்ஏவின் வெளிப்புறத்தைப் பற்றும் ஜே591 என்ற ஆன்டிபாடியை நியூயார்க்கில் நீல் பாண்டர் குழு உருவாக்கியது. சிர்கோனியம்-89 சேர்த்து அதைச் சோதித்த இடம் அந்நகரின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங். 1968இல் முதல்வர் அண்ணா அறுவை சிகிச்சைக்குப் போன மருத்துவமனை அது. மறு ஆண்டு பிப்ரவரி 3இல் அவர் மறைந்தார். அவர் பிறந்த காஞ்சிபுரத்தின் காரப்பேட்டை அரசுப் புற்றுநோய் மருத்துவமனை அவர் பெயரில்தான் நடக்கிறது.

ஜே591 எலும்பில் பரவிய புற்றை நன்றாகவே காட்டியது. நிணநீர் முடிச்சு போன்ற மென்திசுக்களில் அவ்வளவு இல்லை. தாமதமும் பெரிய சிக்கல். ஆன்டிபாடி பெரிய மூலக்கூறு, ரத்தத்தில் நாள்கணக்கில் சுற்றும். ஊசி போட்டு ஏறக்குறைய ஒரு வாரம் கழித்துத்தான் தெளிவான படம். கூலியை விட்டுவிட்டு இரண்டு முறை அலைய யாரால் முடியும்?

இந்த இடத்தை இப்போது பிடித்திருப்பவை அதே பிஎஸ்எம்ஏவைப் பற்றும் சிறு மூலக்கூறுகள். காலியம்-68 சேர்த்தது ஊசி போட்ட ஒரு மணி நேரத்தில் பெட் (PET) ஸ்கேன் படத்துக்குத் தயார். அமெரிக்க அனுமதி 2020இல். ஆனால் காலியத்தின் அரைவாழ்வு 68 நிமிடம். சென்னையில் தயாரித்து 75 கிலோமீட்டர் சாலையில் காஞ்சிபுரத்துக்குக் கொண்டுவருவதற்குள் பாதிக்குமேல் வீரியம் போய்விடும். ஆகவே மருந்து நோயாளியைத் தேடி வராது. நோயாளிதான் போக வேண்டும், அல்லது காலியம் சுரக்கும் ஜெனரேட்டர் மருத்துவமனையிலேயே இருக்க வேண்டும். அரைவாழ்வு 6 மணி நேரமுள்ள டெக்னீசியம்-99எம் சேர்த்த மருந்துக்குச் சாதாரண காமா கேமராவே போதும். படம் சற்று மங்கல்தான். சிறிய ஊர்களுக்கு இதுவே நடைமுறைக்கு ஒத்தது என்பது என் எண்ணம்.

பிஎஸ்எம்ஏ ஸ்கேன் எல்லோருக்கும் தேவையில்லை. அறுவை சிகிச்சைக்குப் பிறகு ரத்தத்தில் பிஎஸ்ஏ என்ற புரதத்தின் அளவு ஏறினாலோ, பரவும் ஆபத்து அதிகம் என்று தெரிந்தாலோ மருத்துவர் எழுதுவார். உமிழ்நீர்ச் சுரப்பியும் சிறுநீரகமும் இதில் இயல்பாகவே பளிச்சிடும். அறிக்கையில் அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். இதே பிஎஸ்எம்ஏவைக் குறிவைத்து லுட்டீசியம்-177 மருந்தால் சிகிச்சையும் தருகிறார்கள். அந்த ஐசோடோப்பை டிராம்பேயில் பாபா அணு ஆராய்ச்சி மையம் தயாரிக்கிறது. ஸ்கேனில் ஒளிராத கட்டிக்கு அந்த மருந்து போய்ச் சேராது என்பதால், சிகிச்சைக்கு முன் இந்தப் படத்தைத்தான் கேட்பார்கள்.