ஆட்டக்காரருக்கு இன்னொரு பெயர்

பெங்களூர் சிவாஜிநகரில் தண்டு மாரியம்மன் கோயில் இருக்கிறது. 'தண்டு' என்றால் படை. 1809-ல் வெள்ளைக்காரர்கள் இந்தப் பக்கம் கன்டோன்மென்ட் என்ற பாசறையைப் போட்டபோது, சென்னை மாகாணத்திலிருந்து அவர்களோடு தமிழர்களும் வந்து குடியேறினார்கள். அம்மனுக்குப் படையின் பெயர் ஒட்டிக்கொண்டது. பையன்களுக்குப் படை விட்டுச் சென்றது கால்பந்து.

பூட்ஸ் இல்லாமலே ஆடிப் பழகிய ஊர் இது. 1937-ல் பெங்களூர் முஸ்லிம்ஸ் அணி பம்பாயில் ரோவர்ஸ் கோப்பையைத் தட்டி வந்தது. 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்சிடம் 2-1 என்று தோற்ற ஆட்டத்தில் இந்தியாவின் ஒரே கோலை அடித்த சாரங்கபாணி ராமன் பெங்களூர்க்காரர். அந்த அணியில் இருந்த அகமது கானும் இவ்வூர்க்காரர்தான். கல்கத்தாவில் ஈஸ்ட் பெங்கால் ரசிகர்கள் 'பஞ்சபாண்டவர்' என்று கொண்டாடிய ஐவரில் அவர் ஒருவர்.

அகமது கான் கடைசியாக ஒலிம்பிக்கில் ஆடியது 1952-ல். காலமானது 2017-ல். நடுவில் 65 ஆண்டுகள்! எந்த ஆட்டக்காரரின் கணக்கைப் போட்டாலும் இப்படித்தான் வரும். பந்தோடு இருந்த காலம் கொஞ்சம், பந்து இல்லாத காலம் ஏராளம்.

உடம்பு அந்த மாற்றத்தைச் சீக்கிரம் கண்டுகொள்கிறது. நன்கு பயிற்சி பெற்றவர்களை ஓடவிடாமல் நிறுத்திவைத்து அமெரிக்காவில் எட்வர்ட் காயில் குழுவினர் ஆராய்ந்து 1984-ல் வெளியிட்டார்கள். உடல் பயன்படுத்தக்கூடிய ஆக்சிஜனின் உச்ச அளவு 21 நாளில் 7 சதவீதம் குறைந்தது. 56 நாளில் 16 சதவீதம் இறங்கி அங்கேயே நின்றது. முதலில் வற்றுவது ரத்தத்தின் நீர்ப்பகுதி. அதனால் இதயம் ஒரு துடிப்பில் தள்ளும் ரத்தம் குறைகிறது. பயிற்சியில் பெருகிய தசைத் தந்துகிகளோ அவ்வளவு எளிதில் போய்விடவில்லை.

மனசு உடம்பைப் போல 56 நாளில் ஓரிடத்தில் நின்றுவிடுவதில்லை. 1993-ல் பிரிட்டன் புரூவர் என்ற உளவியலாளரும் இரு சக ஆய்வாளர்களும் 'ஆட்டக்கார அடையாளம்' என்பதை அளக்கப் பத்து வாக்கியங்கள் கொண்ட அளவுகோல் ஒன்றை வெளியிட்டார்கள். நண்பர்களில் பெரும்பாலோர் ஆட்டக்காரர்கள்தானா, ஆட்டத்தைவிட முக்கியமானது வேறு உண்டா என்கிற ரகம். மதிப்பெண் கூடக்கூட, விடியற்காலை பயிற்சிக்கு எழுப்ப ஆள் தேவைப்படாது. ஆனால் முழங்கால் பிசகினால் அதே மதிப்பெண் ஆளைக் கவிழ்த்துவிடும். வேறு எதையும் முயன்று பார்க்காமலே 'நான் இதுதான்' என்று சின்ன வயதில் கதவைச் சாத்திக்கொள்வதை ஜேம்ஸ் மார்சியா என்ற உளவியலாளர் 1966-லேயே விவரித்திருந்தார். எட்டு வயதில் பந்தோடு சேர்த்துவிடப்பட்ட பையனுக்கு இது எவ்வளவு பொருந்தும் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஆட்டக்காரரின் மனத்தளர்ச்சிக்கு எல்லாப் பழியையும் ஓய்வின் மேல் போடுவது வழக்கம். எனக்கு அதில் சந்தேகம் உண்டு. உலகக் கால்பந்து வீரர்கள் சங்கமான ஃபிஃப்புரோ 2015-ல் வெளியிட்ட ஆய்வில், மனச்சோர்வு அல்லது பதற்ற அறிகுறிகள் முன்னாள் வீரர்களில் 35 சதவீதம் பேருக்கு இருந்தன. ஆடிக்கொண்டிருப்பவர்களில்? 38 சதவீதம். மைதானத்துக்குள்ளேயே தொடங்கிவிடுகிற விஷயம் இது.

ஆனால் எப்படி வெளியேறினோம் என்பதில் பெரிய வித்தியாசம் இருக்கிறது. தானாக விடைபெற்றவரைவிட விலக்கப்பட்டவர் அதிகம் தடுமாறுவார் என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. புதுக்கோட்டை மாவட்டத்து சாந்தி சௌந்தரராஜன் 2006 தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வெள்ளி வென்றார். பாலினச் சோதனையைக் காட்டி அதைப் பறித்தார்கள். பிறகு செங்கல் சூளையில் வேலை பார்த்தார். பெங்களூரில் இந்திய விளையாட்டு ஆணையத்தின் மையத்தில் பயிற்சியாளர் பட்டயம் படித்து, தமிழ்நாட்டில் பயிற்சியாளரானார். 800 மீட்டரில் முதல் சுற்றில் எவ்வளவு மிச்சம் வைக்க வேண்டும், இரண்டாம் சுற்றில் கால் எங்கே கனக்கத் தொடங்கும் என்பதையெல்லாம் எந்தச் சோதனையாலும் அவரிடமிருந்து பறிக்க முடியாதே.

கன்டோன்மென்ட் பக்கத்தில் ஆட்டத்துக்குப் பிந்தைய காலத்துக்கு வேறொரு ஏற்பாடு இருந்தது: கம்பெனி வேலை. 1940-ல் விமானத்துக்கு எச்.ஏ.எல்., 1948-ல் தொலைபேசிக்கு ஐ.டி.ஐ. என்று தொழிற்சாலைகள் வந்தன. அவை தங்களுக்கென்று அணி வைத்தன, ஆட்டக்காரனுக்கு வேலை கொடுத்தன. கருணையால் அல்ல, கோப்பை வேண்டுமென்பதற்காக. ஆனாலும் 'லெஃப்ட் விங்' பெயரோடு 'ஐ.டி.ஐ.க்காரர்' என்ற பெயரும் சேர்ந்துகொண்டது. முப்பத்தைந்தில் கால் ஓய்ந்தாலும் கேட்டில் காட்டுகிற அட்டை ஓயவில்லை. வேலை கற்றுக்கொள்ளாமல் கையெழுத்து மட்டும் போட்டுவந்தவர்கள் பிற்பாடு மேசை முன்னால் விழித்ததும் உண்டு. அட்டை மட்டும் இன்னொரு அடையாளம் ஆகிவிடாது.

ஐ.டி.ஐ.க்கு இன்று பழைய பலம் இல்லை. 2013-ல் பெங்களூரு எஃப்.சி. வந்த பின் பையன்களின் கனவு தொழில்முறை ஒப்பந்தத்தை நோக்கித் திரும்பிவிட்டது. அது சில ஆண்டுகளுக்கானது. கம்பெனி வேலையைப் போல ஓய்வு வயது வரை கூட வராது. இரண்டாவது பெயரை இனி அவரவரே தேடிக்கொள்ள வேண்டியதுதான். அதனால்தானோ என்னவோ, ஜெர்சியோடு வீட்டுக்குள் நுழைகிற பையனிடம் மாமா இன்னும் அந்தப் பழைய கேள்வியையே கேட்கிறார்: "பந்தெல்லாம் சரிடா, எஸ்.எஸ்.எல்.சி. மார்க் எவ்ளோ?"