கலந்த குரலைப் பிரிக்க முடியாது

மிக்சர் என்றதும் நம்மில் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது தீபாவளிப் பலகாரம்தான். அந்த மிக்சரில் பிடித்த கடலையை மட்டும் பொறுக்கி எடுத்துவிடலாம். ஒலிப்பதிவுக்குப் பயன்படும் மிக்சரில் அது நடக்காது. இரண்டு குரல்கள் அதில் ஒருமுறை கலந்துவிட்டால் கலந்ததுதான்.

பள்ளி நாடகத்துக்குப் பின்னணிக் குரல், வலையொலி, தமிழ்மொழி விழாப் போட்டிக்குப் பாடல் என்று இன்று பல மாணவர்களுக்குப் படுக்கையறையே ஒலிப்பதிவுக்கூடம். மைக்கைக் கணினியுடன் இணைக்க, அப்பாவின் கராவோக்கே செட்டில் உள்ள மிக்சரோ நண்பரிடம் இரவல் வாங்கிய பழைய மிக்சரோ போதும். ஆனால் ஒலி அதற்குள் எந்த வழியாகப் போகிறது, எந்த இடத்துக்குப் பிறகு அதை மாற்ற முடியாது என்பது தெரிந்திருக்க வேண்டும்.

முதல் திருகு

மைக் தரும் மின்னழுத்தம் மிகச் சிறியது. ஒரு வோல்ட்டில் ஆயிரத்தில் சில பங்குதான் இருக்கும். அதைப் பெருக்குவதுதான் மிக்சரின் முதல் வேலை. சேனலின் உச்சியில் இருக்கும் 'கெயின்' திருகு அதைச் செய்கிறது. 'ஈக்யூ', 'எக்கோ', 'பேன்', ஒலியளவு எல்லாம் அதற்குப் பிறகுதான்.

கெயின் அளவுக்கு மீறினால் குரல் கரகரக்கும். கீழே உள்ள ஒலியளவைக் குறைத்தாலும் அந்தக் கரகரப்பு போகாது. மெதுவாகக் கரகரக்கும், அவ்வளவுதான். கெயின் மிகவும் குறைந்தாலும் சிக்கல். பிறகு கணினியில் சத்தத்தை ஏற்றும்போது 'உஸ்' என்ற இரைச்சலும் சேர்ந்து ஏறும்.

சரியான அளவைக் கண்டுபிடிப்பது எளிது. ஒலியளவை 0 குறியில் வையுங்கள். பாட்டில் ஆக உரக்க வரும் வரியைப் பாடச் சொல்லுங்கள். சிவப்பு விளக்கு மினுக்கும்வரை கெயினை ஏற்றி, பிறகு சற்று இறக்குங்கள். கணினித் திரையில் ஒலியின் உச்சம் மைனஸ் 12 டெசிபலை ஒட்டி இருந்தால் நல்லது.

மைக் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் இருக்கட்டும். தள்ளிப் போகப் போக, குரலைவிட அறையின் சத்தம்தான் அதிகம் பதிவாகும். வீவக வீட்டில் மின்விசிறியை நிறுத்திவிடலாம். எம்ஆர்டி ரயிலை நிறுத்த முடியாது. அதற்குத்தான் 'லோ கட்' பொத்தான். ஏறத்தாழ 80 அல்லது 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள உறுமலை அது குறைக்கும். பேச்சுக்கு அதனால் பெரிய இழப்பில்லை.

மைக் எந்த வகை என்பதையும் பாருங்கள். 1966 முதல் மேடைகளில் புழங்கிவரும் ஷூர் எஸ்எம்58 போன்ற 'டைனமிக்' மைக்குக்குத் தனி மின்சாரம் தேவையில்லை. 'கண்டென்சர்' மைக்குகள் பெரும்பாலானவற்றுக்கு 48 வோல்ட் வேண்டும். மூன்று முனை எக்ஸ்எல்ஆர் கம்பி வழியாக மிக்சரே அதை அனுப்பும். 48 வோல்ட் பொத்தானை அழுத்துமுன் ஒலியளவை முழுவதும் இறக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் 'டப்' என்ற சத்தம் காதைத் தாக்கும்.

இரண்டே தடங்கள்

மைக் நான்கு இருந்தாலும், யுஎஸ்பி வசதியுள்ள சிறிய மிக்சர்கள் பெரும்பாலும் கணினிக்கு இரண்டு தடங்களையே அனுப்புகின்றன. இடம் ஒன்று, வலம் ஒன்று. நான்கு குரல்களும் அந்த இரண்டில் கலந்துதான் போகும். பிறகு ஒருவரின் குரலை மட்டும் ஏற்றவோ இறக்கவோ வழியில்லை. குரலையும் இசையையும் பிரிக்கும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் இப்போது உண்டு. ஆனால் ஒன்றோடு ஒன்று கலந்த இரு குரல்களைச் சுத்தமாகப் பிரித்தெடுக்க அவற்றை நம்பிவிட முடியாது.

பெரிய கலைஞர்களுக்கும் இந்தக் கட்டுப்பாடு இருந்தது. 1967இல் வெளிவந்த பீட்டில்ஸ் குழுவின் 'சார்ஜென்ட் பெப்பர்' இசைத்தொகுப்பு, நான்கு தடங்கள் கொண்ட நாடாக் கருவிகளில் பதிவானது. தடங்கள் நிறைந்ததும் அவற்றைக் கலந்து இன்னொரு நாடாவுக்கு மாற்றி, கிடைத்த இடத்தில் புதிய ஒலிகளைச் சேர்த்தார்கள். கலக்கும் முன்பே எது உரக்க, எது மெல்ல என்று முடிவெடுக்க வேண்டியிருந்தது.

இருவர் மட்டும் பேசுகிறார்கள் அல்லது பாடுகிறார்கள் என்றால் நமக்கு ஓர் எளிய வழி உண்டு. முதல் மைக்கின் 'பேன்' திருகை முழுவதும் இடப்பக்கம் திருப்புங்கள். இரண்டாவதை முழுவதும் வலப்பக்கம். எக்கோவை அணைத்துவிடுங்கள். கணினியில் 'ஸ்டீரியோ'வாகப் பதிவு செய்யுங்கள். பிறகு ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருளில் 'ஸ்பிளிட் ஸ்டீரியோ டு மோனோ' என்பதைத் தேர்ந்தெடுத்தால் இரு குரல்களும் இரண்டு தனித் தடங்களாக வந்துவிடும். ஒரே அறை என்பதால் ஒருவர் குரல் மற்றவர் மைக்கில் லேசாகக் கேட்கும். எதிரெதிரே சற்றுத் தள்ளி உட்கார்ந்தால் அது குறையும்.

சென்ற ஆண்டு விடுமுறையில் என் பாட்டியின் தாலாட்டை இப்படித்தான் பதிவு செய்தேன். பாட்டிக்கு ஒரு மைக், கேள்வி கேட்ட எனக்கு ஒரு மைக். "இன்னொரு தடவை பாடுங்க பாட்டி" என்றேன். பாடினார், ஆனால் வேறு சொற்களில். அவருக்குத் தாலாட்டு அப்படித்தான், பிள்ளைக்கு ஏற்ப மாறிக்கொண்டே இருக்கும். முதலில் பாடியது அந்த ஒரே பதிவில்தான் இருக்கிறது. அதில் எக்கோவும் சேர்ந்திருந்தால் அவர் மூச்சு வாங்கும் இடங்கள்கூட மங்கிப் போயிருக்கும். எக்கோ வேண்டுமானால் பிறகு கணினியில் எப்போதும் சேர்த்துக்கொள்ளலாம். பதிவானதை எடுக்கத்தான் முடியாது.

சுற்றி வரும் ஒலி

பதிவு செய்த பாட்டைக் கேட்டுக்கொண்டே இரண்டாவது குரலைச் சேர்க்கும்போது வேறொரு சிக்கல் வரும். கணினியிலிருந்து மிக்சருக்குத் திரும்பும் பழைய பாட்டு, 'மெயின்' வழியில் சேர்ந்தால் புதிய குரலுடன் மறுபடியும் பதிவாகிவிடும். திரும்பி வரும் ஒலியை ஹெட்ஃபோனுக்கு மட்டும் அனுப்பும் பொத்தான் சில மிக்சர்களில் உண்டு. அதைத் தேடிப் பாருங்கள். இல்லையென்றால் முதல் பாட்டைக் கைப்பேசியிலிருந்து ஒரு காதில் கேட்டுக்கொண்டு பாடி, பிறகு கணினியில் இரண்டையும் பொருத்திக்கொள்ளலாம்.

பாடும்போது நம் குரலைக் கணினி வழியாகக் கேட்பதையும் தவிர்க்கலாம். கணினி ஒலியைத் துண்டு துண்டாக வாங்குகிறது. விநாடிக்கு 44,100 மாதிரிகள் என்ற கணக்கில், 1,024 மாதிரிகள் கொண்ட ஒரு துண்டு நிறைய ஏறக்குறைய 23 மில்லிவிநாடி ஆகும். போவதும் வருவதும் சேர்ந்தால் தாமதம் காதுக்குத் தெரியும், தாளம் தடுமாறும். ஹெட்ஃபோனை மிக்சரிலேயே செருகினால் இந்தத் தாமதம் இல்லை.

யுஎஸ்பி இல்லாத மிக்சரை மடிக்கணினியின் மைக் துளையில் நேராகச் செருகாதீர்கள். மைக்கின் சிறிய மின்னழுத்தத்துக்காக அமைந்த துளை அது. மிக்சரின் வலுவான ஒலி அங்கே உடைந்துவிடும். 'லைன் இன்' உள்ள யுஎஸ்பி ஒலிக்கருவியைப் பயன்படுத்துங்கள்.

புதிதாக வாங்குவதாக இருந்தால், ஒரே ஒருவர் பாட மிக்சர் தேவையில்லை; ஒரு யுஎஸ்பி மைக் போதும். பலர் சேர்ந்து பாடி, ஒவ்வொரு குரலையும் தனியாகத் திருத்த வேண்டுமென்றால், எத்தனை மைக்கோ அத்தனை தடங்களைக் கணினிக்கு அனுப்பும் 'ஆடியோ இன்டர்ஃபேஸ்' வாங்குவது நல்லது. வாங்கும் முன் எத்தனை சேனல்கள் என்று மட்டும் கேட்காமல், யுஎஸ்பி வழியாக எத்தனை தடங்கள் போகும் என்றும் கடைக்காரரிடம் கேளுங்கள்.

எந்தக் கருவியாக இருந்தாலும் முதலில் 30 விநாடி பதிவு செய்து ஹெட்ஃபோனில் கேளுங்கள். கரகரப்பு இருக்கிறதா, எக்கோ சேர்ந்திருக்கிறதா, இரு குரல்களும் இரு பக்கமாக வருகின்றனவா என்று பாருங்கள். எல்லாம் சரியென்றால் பாடகரை அழைக்கலாம்.