நோயாளர் குறிப்புகளுக்கு இன்னொரு பிரதி



ஆஸ்பத்திரியிலேயே கம்ப்யூட்டர் இருக்க, நோயாளர் குறிப்புகளைக் கிளவுட் என்னும் இணையவழிச் சேமிப்புச் சேவையில் வைக்க ஏன் பணம் கட்ட வேண்டும் என்று சிலர் கேட்கிறீர்கள். நியாயமான கேள்விதான்.

2022 நவம்பர் 23-இல் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்கள் கணினிக் குற்றவாளிகளால் முடக்கப்பட்டன. ஐந்து சர்வர்கள், ஏறக்குறைய 1.3 டெராபைட் தகவல். பல நாட்கள் பதிவுச் சீட்டு முதல் பரிசோதனை முடிவு வரை எல்லாம் கையால்தான் எழுதினார்கள். ஆனாலும் தாக்குதலுக்குத் தப்பிய வேறொரு பேக்கப் சர்வரிலிருந்து நோயாளர் தகவல்கள் மீட்கப்பட்டன.

நமது செஞ்சிக் கோட்டையில் ராஜகிரியிலும் களஞ்சியம் உண்டு, கிருஷ்ணகிரியிலும் உண்டு. ஒரே கட்டடத்தில் இரண்டு பிரதி வைத்தால் ஒரே தீயில் இரண்டும் போகும். பென்சிலின் ஒவ்வாதவர் என்ற ஒரு வரி தொலைந்தால் உயிருக்கே ஆபத்து!

பிரதியை வெளியே கொடுப்பதால் பொறுப்பு நம்மைவிட்டுப் போவதில்லை. 2023-இல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமும் இதையே சொல்கிறது. எனவே குறிப்புகளைச் சங்கேதமாக மாற்றியே அனுப்ப வேண்டும். பழைய பிரதிகளையும் சில வாரம் அழிக்காமல் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் கெட்டுப்போன கோப்பே நல்லதன்மேல் பதிந்துவிடும். அவ்வப்போது ஒரு கோப்பைத் திரும்ப எடுத்துத் திறந்து பார்ப்பதும் அவசியம். பலர் விட்டுவிடுவது இதைத்தான்.