இணையதளப் பெயர் யாருக்குச் சொந்தம்? சந்தேகங்களும் விளக்கங்களும்

ஜவுளிக்கடையோ மசாலா வியாபாரமோ, தொழில் தொடங்குகிறவர்கள் இப்போது கடைக்குப் பலகை எழுதுவதற்கு முன்பே இணையதளப் பெயரை, அதாவது டொமைனை, பதிவு செய்துவிடுகிறார்கள். அந்தப் பெயரில் தகராறு வரும்போதுதான் சிக்கல் தெரிகிறது. சட்டம் தெரியாமல் சிலர் பிறர் பெயரை எடுத்துக்கொண்டு மாட்டிக்கொள்கிறார்கள். சிலர் தங்கள் பெயரையே பயந்து விட்டுக்கொடுக்கிறார்கள். பலருக்கும் எழும் சந்தேகங்கள் இவை.

முறையாகப் பணம் கட்டிப் பதிவு செய்த டொமைன். அது எப்படி என்னுடையது இல்லாமல் போகும்?

டொமைனை முதலில் கேட்பவருக்குப் பதிவு நிறுவனம் கொடுத்துவிடும். அது வேறொருவரின் டிரேட்மார்க்கா என்று பார்ப்பதில்லை. இந்தப் பதிவால் பிறர் உரிமை பாதிக்கப்படாது என்று, படிக்காமலே நாம் சம்மதம் சொல்லும் ஒப்பந்தத்தில் நாமேதான் உறுதி கொடுக்கிறோம்.

பதிவு மட்டுமே உரிமை ஆகிவிடாது என்பதற்கு அடிப்படையான தீர்ப்பு சென்னை நிறுவனம் ஒன்றின் வழக்கில் வந்தது. சத்யம் இன்ஃபோவே நிறுவனம் ‘சிஃபி’ என்ற பெயரை உருவாக்கி, 1999-ல் அதைக்கொண்டு டொமைன்கள் பதிவு செய்தது. பின்னால் வந்த இன்னொரு நிறுவனம், ஆங்கில எழுத்தில் ஓர் ‘எஃப்’ மட்டும் கூட்டி ‘சிஃபிநெட்’ என்ற பெயரில் தளம் தொடங்கியது. தானும் முறைப்படி பதிவு செய்திருப்பதாக வாதாடியது. பெங்களூரு சிட்டி சிவில் நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. கர்நாடக உயர் நீதிமன்றம் தடையை நீக்கியது. 2004-ல் உச்ச நீதிமன்றம் சிஃபிக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. டொமைன் என்பது வெறும் முகவரி அல்ல, வணிகத்தை அடையாளம் காட்டும் பெயர். ஆகவே டிரேட்மார்க்குக்கு உள்ள பாதுகாப்பு அதற்கும் உண்டு என்றது நீதிமன்றம். டொமைனுக்கென்று தனிச் சட்டம் இல்லாத நம் நாட்டில் இன்றும் வழக்கறிஞர்கள் முதலில் எடுத்துவைப்பது இந்தத் தீர்ப்பைத்தான்.

டிரேட்மார்க் பதிவு செய்யாத சிறு வியாபாரிக்கும் பாதுகாப்பு உண்டா?

உண்டு. பிறர் சம்பாதித்த நற்பெயரைக் காட்டித் தன் சரக்கை விற்பது ‘பாசிங் ஆஃப்’ என்ற குற்றச்சாட்டுக்குள் வரும். ஆனால் அந்தப் பெயருக்கு மக்களிடம் மதிப்பு இருக்கிறது என்பதைப் பில், விளம்பரம், கணக்குப் புத்தகம் எல்லாம் காட்டி நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். பதிவு இருந்தால் இந்தச் சுமை பெருமளவு குறையும். 1999-ம் ஆண்டு டிரேட்மார்க் சட்டத்தின் 134-வது பிரிவுப்படி, நீங்கள் தொழில் செய்யும் ஊரிலேயே வழக்குப் போடவும் முடியும். தனிநபரும் சிறு நிறுவனங்களும் இணையம் வழியே விண்ணப்பிக்க ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய் கட்டணம். பதிவு 10 ஆண்டுக்குச் செல்லும். வழக்குச் செலவோடு ஒப்பிட்டால் இது மிகச் சிறிய தொகை.

பெயர் ஒத்திருந்தாலே சைபர் ஸ்குவாட்டிங் (பிறர் பெயரை டொமைனாக அபகரிப்பது) ஆகிவிடுமா?

ஆகாது. டாட் காம் பெயர்களுக்கு, இணையப் பெயர்களை மேற்பார்வையிடும் ஐகான் அமைப்பு 1999-ல் கொண்டுவந்த விதிப்படி, புகார் செய்பவர் மூன்றையும் நிரூபிக்க வேண்டும். பெயர் தன் டிரேட்மார்க்கோடு குழப்பம் தரும் அளவு ஒத்திருக்க வேண்டும். எதிராளிக்கு அதில் நியாயமான உரிமை இருக்கக் கூடாது. தீய நோக்கத்தோடு பதிவு செய்து, அதே நோக்கத்தோடு பயன்படுத்தியிருக்கவும் வேண்டும். டாட் இன் பெயர்களுக்குப் பதிவு, பயன்பாடு இரண்டில் ஒன்றில் தீய நோக்கம் இருந்தாலே போதும்.

எது தீய நோக்கம் என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். 2024 அக்டோபரில் நாடு முழுக்கப் பேசப்பட்ட ஜியோஹாட்ஸ்டார் விஷயத்தை எடுத்துக்கொள்வோம். ஜியோவும் ஹாட்ஸ்டாரும் இணையக்கூடும் என்று ஊகித்து, டெல்லி இளைஞர் ஒருவர் அந்த டொமைனை முன்கூட்டியே வாங்கி வைத்திருந்தார். கேம்பிரிட்ஜில் தான் படிக்கும் செலவை ஏற்றால் தந்துவிடுவதாக அறிவித்தார். படிப்புக்காக என்றதும் பலர் அவர் பக்கம் நின்றார்கள். அந்தப் பரிவு எனக்கும் புரிகிறது. ஆனால் ‘ஜியோ’, ‘ஹாட்ஸ்டார்’ இரண்டுமே ஏற்கெனவே பிறரின் வணிகப் பெயர்கள். அவர்களிடமே விற்கலாம் என்று கணக்குப் போட்டு வாங்குவதைத்தான் விதிகள் தீய நோக்கம் என்கின்றன. பணத்தை எதற்குச் செலவிடுவார் என்று அவை கேட்பதில்லை. வாங்கிவிட்டு எதுவும் செய்யாமல் சும்மா வைத்திருந்தாலும், சூழ்நிலையைப் பொறுத்து அதுவும் தீய நோக்கம் ஆகலாம் என்று டெல்ஸ்ட்ரா என்ற நிறுவனத்தின் டொமைன் வழக்கில் 2000-லேயே முடிவாகிவிட்டது.

கோர்ட்டுக்குத்தான் போக வேண்டுமா?

வேண்டியதில்லை. டாட் காம் தகராறுகளை ஜெனீவாவில் உள்ள உலக அறிவுசார் சொத்து அமைப்பு போன்றவை விசாரிக்கின்றன. ஒரே நடுவர் விசாரிக்க, ஐந்து பெயர் வரை அங்கே 1,500 டாலர் கட்டணம். டாட் இன் தகராறுகளுக்கு, அந்தப் பெயர்களை நிர்வகிக்கும் நிக்ஸி அமைப்பு நடுவரை நியமிக்கும். இந்த வழிகளில் பெயரை மீட்கலாம், அல்லது ரத்து செய்ய வைக்கலாம். நஷ்டஈடு வேண்டுமானால் நீதிமன்றம்தான்.

பெரிய நிறுவனம் வக்கீல் நோட்டீஸ் அனுப்பினால் பெயரைக் கொடுத்துவிட வேண்டுமா?

அவசரப்பட வேண்டாம். அமெரிக்காவில் ஊஸி நிஸான் என்பவர் தன் குடும்பப் பெயரில் 1994-ல் டொமைன் பதிவு செய்திருந்தார். கார் நிறுவனம் வழக்குப் போட்டும் அந்தப் பெயர் அவரிடமே இருந்தது. நம் சட்டத்திலும் சொந்தப் பெயரை நேர்மையாகப் பயன்படுத்துகிறவருக்கு 35-வது பிரிவு துணை நிற்கிறது. உரிமை இல்லாமலே பெயரைப் பறிக்கப் புகார் கொடுக்கும் நிறுவனங்களை நடுவர்கள் கண்டித்து எழுதிய முடிவுகளும் உண்டு. சிறு வியாபாரிகள் பலருக்கு இது தெரியாததுதான் எனக்கு வருத்தம்.

ஆனால் பதில் எழுதும்போது மிகுந்த கவனம் தேவை. மைக் ரோ என்ற கனடா மாணவர் தன் பெயரோடு ‘சாஃப்ட்’ சேர்த்து ஒரு தளம் வைத்திருந்தார். சேர்த்து உச்சரித்தால் மைக்ரோசாஃப்ட் போலவே ஒலிக்கும். அந்த நிறுவனம் 10 டாலர் தருவதாகச் சொல்ல, அவர் 10,000 டாலர் கேட்டார். கேட்ட அந்தத் தொகையே அவருக்கு எதிரான வாதமாகத் திரும்பியது. 2004-ல் விஷயம் சமரசத்தில் முடிந்தது. நோட்டீஸுக்குப் பதிலாக விலை மட்டும் எழுதிவிடாதீர்கள். முதலில் வழக்கறிஞரைப் பாருங்கள்.

வெப்சைட் செய்து கொடுத்தவர் டொமைனைத் தன் பெயரில் பதிந்துவிட்டார். என்ன செய்வது?

சிறு கடைக்காரர்களுக்கு இந்தத் தொல்லை அடிக்கடி வருகிறது. பணம் கட்டிய ரசீது, வாட்ஸ்அப் உரையாடல், அவர் கொடுத்த பில் எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். பெயரை மாற்றித் தரும்படி எழுத்தில் கேளுங்கள். மறுத்தால் மேலே சொன்ன வழிகள் உண்டு. ஆனால் ஒப்பந்தத் தகராறாகத் தெரிந்தால் நடுவர்கள் நீதிமன்றத்துக்குப் போகச் சொல்வதும் உண்டு. புதிதாகத் தளம் தொடங்குவதாக இருந்தால், டொமைன் கணக்கை உங்கள் பெயர், உங்கள் மின்னஞ்சல், உங்கள் கைபேசி எண் கொண்டு நீங்களே திறந்துவிட்டு, அதன் பிறகு வேலையை ஒப்படையுங்கள்.