முதல் படகு ஒதுங்கும் தீவு

இஷிகாகி துறைமுகத்திலிருந்து யோனகுனி தீவுக்கு வாரத்தில் இரண்டு முறை கப்பல் போகிறது. ஏறக்குறைய நான்கு மணி நேரப் பயணம். குரோஷியோ நீரோட்டத்தில் கப்பல் போடுகிற ஆட்டத்தில் குடல் வாய்க்கு வந்துவிடும். உள்ளூர்க்காரர்கள் அதற்கு வைத்திருக்கும் பெயரே ‘வாந்திக் கப்பல்’தான். காற்று பலமாக அடித்தால் அதுவும் கிடையாது.

ஜப்பானின் மேற்குக் கடைக்கோடி யோனகுனி. 1,700 பேர் இருந்தால் அதிகம். டோக்கியோ ஏறத்தாழ 2,000 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது; தைவான் 111 கிலோமீட்டர்தான். வாந்திக் கப்பல் புறப்படுகிற இஷிகாகியே அதைவிடத் தூரம். வானம் துல்லியமாக இருக்கும் சில நாட்களில் இரிசாகி முனையில் நின்றால் தைவானின் மலைகள் கண்ணுக்கே தெரியும்.

‘தைவான்மீது தாக்குதல் நடந்தால் பக்கத்து நாடான ஜப்பான் அந்த மக்களைக் காக்க வருமா?’ எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு இது. இத்தனை ஏவுகணை, இத்தனை நீர்மூழ்கி என்று கணக்குப் போட்டு எழுதினால் விறுவிறுப்பாகத்தான் இருக்கும். ஆனால் தகவல் திரட்ட உட்கார்ந்த நாளிலிருந்து என் மனது அந்த வாந்திக் கப்பலை விட்டு இறங்க மறுக்கிறது.

முதலில் சட்டத்தைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். 2015-இல் ஜப்பான் இயற்றிய பாதுகாப்புச் சட்டங்களின்படி, ‘நாட்டின் உயிருக்கே ஆபத்து’ என்று அரசு முடிவு செய்தால், நெருங்கிய நாடு ஒன்று தாக்கப்படும்போதும் படையை இறக்கலாம். தைவானை நாடாக அங்கீகரிப்பதை ஜப்பான் 1972-லேயே விட்டுவிட்டது. ஆக, நடைமுறையில் அந்த ‘நெருங்கிய நாடு’ அமெரிக்காதான். தான் நேரடியாகத் தாக்கப்படாத நிலையில், அமெரிக்கக் கப்பல் அடிபட்டு, அதனால் ஜப்பானுக்கே ஆபத்து என்று வந்தால்தான் ஜப்பான் துப்பாக்கியைத் தூக்க முடியும். ‘தைவான் மக்களைக் காப்போம்’ என்ற வாசகம் அந்தச் சட்டத்தில் எங்கும் கிடையாது. தைவான்மீதான தாக்குதல் அப்படியோர் ஆபத்தாகலாம் என்று 2025 நவம்பரில் ஜப்பான் நாடாளுமன்றத்தில் பிரதமர் சொன்ன பதிலும், அதற்குப் பெய்ஜிங் காட்டிய கோபமும் இந்தச் சட்டத்தைச் சுற்றித்தான்.

ஒகினாவாவின் கடேனா தளத்திலிருந்து அமெரிக்க விமானங்கள் போருக்குக் கிளம்ப, 1960-ஆம் ஆண்டு ஜப்பான்-அமெரிக்கப் பாதுகாப்பு உடன்படிக்கையையொட்டிய ஏற்பாட்டின்படி ஜப்பானிடம் முன்கூட்டியே பேச வேண்டும். சரி என்றால் ஒகினாவா இலக்காகிவிடும். முடியாது என்றால் உடன்படிக்கையே உடைந்துபோகும். உதவுவதா வேண்டாமா என்று சாவகாசமாக யோசிக்க டோக்கியோவுக்கு நேரம் கிடைக்கும் என்று நான் நம்பவில்லை.

ஜப்பானுக்கும் தைவானுக்கும் இடையில் பாசத்துக்குக் குறைவில்லை. 2011 சுனாமியின்போது தைவான் மக்கள் அள்ளிக் கொடுத்தது 2,000 கோடி யென்னுக்கு மேல். 2021-இல் கொரோனா தடுப்பூசி கிடைக்காமல் தைவான் தவித்தபோது ஜப்பான் முதல் தவணையாக 12.4 லட்சம் டோஸ் அனுப்பியது. யோனகுனிக்கும் எதிர்க்கரையில் இருக்கும் ஹுவாலியனுக்கும் உறவோ இன்னும் பழையது. தைவான் ஜப்பானியர் ஆட்சியில் இருந்த 1945 வரை, தீவுக்காரர்கள் பிழைக்கவும் படிக்கவும் போனது அந்தக் கரைக்குத்தான். போர் முடிந்து நடுவில் எல்லைக்கோடு விழுந்த பிறகும் படகுகள் நிற்கவில்லை. அதற்குக் ‘கடத்தல்’ என்று புதுப்பெயர் மட்டும் வந்தது. அரிசி, சர்க்கரை, மருந்து என்று சரக்கு மாறிய அந்தச் சில வருடங்களில் குபுரா துறைமுகம் திருவிழாக் கடைத்தெருபோல இருந்ததாம். தீவின் மக்கள்தொகையே பத்தாயிரத்தைத் தாண்டியது. 1982-இல் யோனகுனியும் ஹுவாலியனும் முறைப்படி சகோதர நகரங்களாயின.

2016-இல் அந்தத் தீவுக்கு ரேடாரும் சுமார் 160 படைவீரர்களும் வந்தார்கள். படை வரலாமா என்று அதற்கு முந்தைய வருடம் தீவில் வாக்கெடுப்பு நடந்தது. நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் அதில் ஓட்டு உண்டு. ஆதரவு 632, எதிர்ப்பு 445. அவ்வளவு சின்ன ஊரில் இந்த வித்தியாசம் என்றால், ஒரே வீட்டுச் சாப்பாட்டு மேசையிலேயே இரண்டு கட்சி இருந்திருக்கும். 2022 ஆகஸ்டில் தைவானைச் சுற்றி நடத்திய போர்ப்பயிற்சியில் சீனா ஏவிய ஏவுகணைகளில் ஐந்து ஜப்பானின் பொருளாதாரக் கடல் எல்லைக்குள் விழுந்தன. ஏவியவற்றில் ஒன்று விழுந்தது யோனகுனியிலிருந்து சுமார் 80 கிலோமீட்டரில். மார்லின் பிடிக்கப் போகிற படகுகள் கரையில் முடங்கின.

பலத்தைக் காட்டினால்தான் போரே வராது என்று பாதுகாப்பு வல்லுநர்கள் சொல்கிறார்கள். இருக்கலாம்.  

எனக்கு உறுத்துவது வேறு. 2025 மார்ச்சில் ஜப்பான் அரசு ஒரு வெளியேற்றத் திட்டத்தை வெளியிட்டது. யோனகுனி, இஷிகாகி, மியாகோ உள்ளிட்ட சாகிஷிமா தீவுகளில் இருக்கும் சுமார் 1.2 லட்சம் பேரை, கப்பலிலும் விமானத்திலும் ஆறு நாளில் கியூஷுவுக்கும் யாமகுச்சிக்கும் கொண்டு சேர்ப்பதாகத் திட்டம். யோனகுனிக்காரர்களுக்கு ஒதுக்கப்பட்ட இடம் சாகா மாகாணம். நாளொன்றுக்கு இருபதாயிரம் பேர். காகிதத்தில் கணக்கு அழகாக வருகிறது. காற்றடித்தால் நிற்கிற கப்பலை நம்பி வாழ்கிறவர்களிடம் போய் இந்தக் கணக்கைச் சொல்ல வேண்டும்! கன்றுகளை வளர்த்து விற்றுப் பிழைக்கும் குடும்பங்கள் அந்தத் தீவுகளில் ஏராளம். மாடுகளை என்ன செய்வது என்று அவர்கள் கேட்கிறார்கள்.

மாட்டைப் பற்றிய கவலையா பெரிது என்று சிரிக்கத் தோன்றுகிறவர்கள் ஹதெருமா தீவின் கதையைக் கேட்க வேண்டும். அதுவும் இதே தீவுக் கூட்டத்தில் இருப்பதுதான். 1945-இல் ஹதெருமாவுக்குப் பள்ளி ஆசிரியர் என்று சொல்லிக்கொண்டு வந்த ஒருவர், ஒருநாள் வாளை உருவிக்கொண்டு நின்றார். உண்மையில் அவர் ராணுவத்தின் ஆள். ‘அமெரிக்கப் படை இறங்கப்போகிறது, எல்லோரும் இரியோமோத்தே தீவுக்குக் கிளம்புங்கள்’ என்று உத்தரவு. கிளம்புமுன் மாடு, குதிரை, ஆடு எல்லாவற்றையும் வெட்டச் சொன்னார்கள். இரியோமோத்தே மலேரியாக் காடு என்பது ஊருக்கே தெரியும். தெரிந்தே போனார்கள். தலைமையாசிரியர் கடற்கரைப் பாறைமேல் பிள்ளைகளை உட்காரவைத்துப் பாடம் நடத்தினார். பிள்ளைகள் ஒவ்வொருவராகக் காய்ச்சலில் விழுந்தார்கள். கடைசியில் அவரே இஷிகாகிக்குப் போய், ராணுவத் தலைமையிடம் வாதாடி, ஊர் திரும்ப அனுமதி வாங்கி வந்தார். வீட்டுக்குத் திரும்பினால் மாடும் இல்லை, பயிரும் இல்லை; காய்ச்சல் மட்டும் கூடவே வந்திருந்தது. தீவில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் செத்தார். அந்தத் தீவுக் கூட்டம் முழுவதும் சேர்த்தால் மலேரியாச் சாவு 3,000-க்கு மேல். அமெரிக்கப் படையோ அங்கே இறங்கவே இல்லை.

இரியோமோத்தேயை விட்டுக் கிளம்புமுன் அந்தத் தலைமையாசிரியர், இந்தக் கல்லை மறக்காதே என்ற பொருளில் ஒரு பாறையில் எழுத்தைச் செதுக்கிவிட்டு வந்தார். இன்றும் அது அங்கே ஹாயெமிதா கடற்கரையில் இருக்கிறது. 2025 திட்டத்தை வகுத்தவர்கள் நல்லெண்ணத்தோடுதான் வகுத்திருப்பார்கள். இருந்தாலும் ‘உங்கள் பாதுகாப்புக்காகத்தான்’ என்று யாராவது சொன்னால் அங்குள்ள கிழவிகள் எழுந்து போய்விடுவதில் எனக்கு ஆச்சரியமில்லை.

இதையெல்லாம் படித்த பிறகு தலைப்பிலிருக்கும் கேள்வியே எனக்குத் தலைகீழாகத் தெரிகிறது. உதவிப் படை டோக்கியோவிலிருந்து புறப்படுவதற்குள், உதவி கேட்டு தைவான் கரையிலிருந்து படகுகள் புறப்பட்டுவிடும். 111 கிலோமீட்டர் என்பது மோட்டார் படகுக்கு ஒரு ராத்திரிப் பயணம். அப்பனும் பாட்டனும் போய் வந்த கடல்வழி. தைவானில் இருப்பது 2.3 கோடி பேர். அவர்களில் ஆயிரத்தில் ஒருவர் கிளம்பினாலே யோனகுனி ஜனத்தைப்போலப் பத்து மடங்குக்கு மேல். வெளியேற்றத் திட்டத்தின் அந்த 1.2 லட்சத்தில் தீவுவாசிகளும் சுற்றுலா வந்தவர்களும்தான் அடக்கம். வந்திறங்குகிறவர்களுக்கு அந்தத் தொகையில் இடமில்லை. ஊரே சாகாவுக்குப் போய்விட்டால், குபுராவில் ஒதுங்குகிற முதல் படகின் கயிற்றைப் பிடித்துக் கட்டப்போவது யார்?

கடைசிவரை தங்கவேண்டியவர்களுக்காக யோனகுனியில் நிலத்தடிப் புகலிடம் ஒன்று திட்டமிடப்பட்டிருக்கிறது. சுமார் 200 பேர் இரண்டு வாரம் தாக்குப்பிடிக்கலாமாம்.