நம் சிகிச்சைச் சீட்டு நம் கையில் இருக்கட்டும்



கொழுந்து எடுக்கிற நமக்கு முதுகுவலி புதுசு இல்லை. சரிவில் நின்று, மூட்டை சுமந்து, நாற்பது வயதைத் தாண்டும்போது இடுப்பு பிடித்துக்கொள்கிறது. எங்கள் குழுவில் ஒரு அக்கா ஊட்டியில் காட்டினார், குன்னூரில் காட்டினார், கடைசியில் கோயம்புத்தூருக்குப் போனார். “முன்னாடி எடுத்த எக்ஸ்ரே எங்கே?” என்று அங்கே கேட்டார்கள். அவர் கையில் ஒன்றும் இல்லை. கேட்டு வாங்கலாம் என்பதே அவருக்குத் தெரியாது. திரும்பவும் படம், திரும்பவும் ஸ்கேன். அந்தச் செலவுக்குக் குழுவில்தான் கடன் வாங்கினார். இந்த நிலை நமக்கு வேண்டாம்.

கேட்டால் தர வேண்டும்

டாக்டர்களுக்கான நடத்தை விதிகள் 2002இல் வந்தன. ஆஸ்பத்திரியில் தங்கிச் சிகிச்சை பெற்றவரின் ஆவணங்களை, சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து 3 ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும் என்கிறது விதி. நோயாளியோ, அவர் அனுமதித்தவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். வாயால் கேட்பதைவிட எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்குவது நல்லது. நகல் எடுக்கும் செலவை நாம் கட்ட வேண்டியிருக்கலாம்.

அரசு ஆஸ்பத்திரி என்றால் 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்திலும் மனு போடலாம். கட்டணம் 10 ரூபாய். வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அதுவும் இல்லை. 30 நாளில் பதில் வர வேண்டும்.

தங்காமல் காட்டிவிட்டு வந்தால், அந்தச் சீட்டை நாமேதான் பத்திரப்படுத்த வேண்டும். நம்ம மலை மழையில் காகிதம் பூஞ்சை பிடித்துவிடும். பிளாஸ்டிக் கவரில் போட்டு, ரேஷன் கார்டோடு வையுங்கள்.

எலும்பு சொடுக்குகிறவரிடம் போனால்?

கட்டு போடும் வைத்தியரிடமும், கைரோபிராக்டிக் என்ற பெயரில் முதுகெலும்பை அழுத்திச் சரிசெய்கிறவரிடமும் நம்மில் பலர் போகிறோம். கைரோபிராக்டிக்குக்கென்று நம் நாட்டில் தனிக் கவுன்சில் கிடையாது. டாக்டர்களைக் கட்டுப்படுத்தும் 72 மணி நேர விதியை அங்கே காட்ட முடியாது. அதனால் முதல் நாளே, எந்த இடத்தில் என்ன செய்தார், எத்தனை முறை செய்தார் என்று தேதி போட்டு எழுதி வாங்குங்கள். பின்னால் கால் மரத்துப்போனால் டாக்டருக்கு அந்தக் குறிப்பு தேவைப்படும்.

நம் நோய் ஊர்ப்பேச்சு ஆகக் கூடாது

சிகிச்சையில் தெரிந்துகொண்ட ரகசியத்தை டாக்டர் வெளியே சொல்லக் கூடாது. நீதிமன்ற உத்தரவு, பிறருக்குப் பெரிய ஆபத்து, அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய தொற்றுநோய் ஆகியவைதான் விதிவிலக்கு. கருக்கலைப்பு செய்துகொண்ட பெண்ணின் விவரத்தை, சட்டம் அனுமதிக்காத ஒருவரிடம் டாக்டர் சொன்னால் ஓராண்டு வரை சிறை உண்டு. இது 2021இல் வந்த திருத்தம். எச்.ஐ.வி. பற்றிய 2017ஆம் ஆண்டுச் சட்டப்படி, வேலை கொடுக்க அந்தப் பரிசோதனையைக் கேட்கவே கூடாது.

லீவு வேண்டுமென்றால் டாக்டர் தந்த சர்டிபிகேட்டை மட்டும் கொடுங்கள். முழு ஃபைலையும் கங்காணியிடமோ ஆபீசிலோ விட்டுவிட்டு வர வேண்டாம்.

நாம் என்ன செய்கிறோம்?

மற்றவர்களைச் சொல்லுமுன் நம்மையும் பார்ப்போம். ஒருமுறை கடன் தீர்மானத்தில் “கர்ப்பப்பை ஆபரேஷனுக்காக” என்று எழுதி, கூட்டத்தில் சத்தமாகப் படித்தோம். மறுநாள் லயம் முழுக்க அதே பேச்சு. அந்தச் சகோதரி இரண்டு கூட்டத்துக்கு வரவில்லை. தப்பு எங்களுடையதுதான். இப்போது “மருத்துவச் செலவு” என்று மட்டும் எழுதுகிறோம். சீட்டைத் தலைவியும் செயலாளரும் பார்த்துவிட்டு, அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள்.

உங்கள் குழுவிலும் அடுத்த கூட்டத்தில் இதைப் பேசி முடிவு எடுங்கள். படிக்கத் தெரியாத சகோதரிகளுக்குப் படித்துக் காட்டுங்கள். ஆஸ்பத்திரிக்கு மனு எழுதுவதற்கு ஆளுக்கு ஒருவர் துணையாக இருப்போம்.